சூட்டுக்கு நிற்கிற கருப்பு

கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் கதவு நன்றியோடு நிற்கும். எஞ்சினுக்கு அடித்தால் அது மறுநாளே கொதித்து, நாம் அடித்ததை நடு பஜாரில் உதறிவிட்டுப் போகும்.

ஆம்பூரில் வஹாப் பாய் நடத்திய மோட்டார் பட்டறையில் எனக்கு இந்த வேலை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளுக்குப் பட்பட்டி என்று பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்றையும் சேர்த்தாலும் பட்பட்டிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் அத்தனைக்கும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரு மழை நனைந்தால் துரு ஏறும். துருவைத் தடுக்கக் கருப்பு அடிக்க வேண்டும். அடித்த கருப்பு எஞ்சின் சூட்டுக்கு நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. சூடான இரும்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்களும், "காய்ஞ்சிட்ச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தவர்களும் என்னை நம்புவார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

முட்டை வாசனை

பட்டறைக்கு வருவதற்கு முன்னால் நான் தோல் ஷாப்பில் இருந்தேன். பூட்ஸுக்கும் ஜட்கா வண்டிச் சேணத்துக்கும் போகிற தோலுக்கு பிரஷ் பிடித்துக் கருப்புப் பூசுவேன். விளக்குப் புகைக்கரி, அரக்கு, கொஞ்சம் பால், மினுமினுப்புக்கு முட்டையின் வெள்ளைக்கரு. இதுதான் கலவை. பூசிக் காயவைத்துக் கண்ணாடிக் கட்டையால் தேய்த்தால் தோல் எருமைக் கன்றுக்குட்டி மாதிரி மின்னும். ஒரு நாள் ஏதோ வாங்க வந்த வஹாப் பாய் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தோலைக் கருப்பாக்கறவனுக்கு இரும்பைக் கருப்பாக்கத் தெரியாதா? பட்டறைக்கு வந்துடு ஆசீர்வாதம்" என்றார். நானும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

முதல் வண்டி இப்ராகிம் சாயபுவுடையது. அவர் தோல் தரகர். கஞ்சி போட்ட கோட்டு, தொப்பி, மடியில் மடித்த கைக்குட்டை என்று மாப்பிள்ளை மாதிரிதான் வண்டியில் உட்காருவார். எனக்குத் தெரிந்த கலவையைக் கலந்து சிலிண்டருக்குப் பூசி, இண்டு இடுக்கெல்லாம் துணி சுற்றித் தேய்த்து மின்ன வைத்தேன். பிட்டர் முனிரத்தினம் மேஸ்திரி பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சாயபு வாணியம்பாடிக்குக் கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது சிலிண்டர் பழுப்பும் கருப்புமாகச் செதில் செதிலாக எழும்பி நின்றது. பட்டறை முழுக்க முட்டை பொரித்த வாசனை. சாயபு கோபப்படவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "வாணியம்பாடி பஜார்ல வண்டியை நிறுத்தினேன் ஆசீர்வாதம். மூணு பேர் வந்து ஆம்லெட் இன்னா விலைன்னு கேட்டாங்க. நான் தோல் தரகனா, ஹோட்டல்காரனா, நீயே சொல்லிடு."

ஐந்து கோட்டு

அடுத்து வந்தவர் வரதராஜன். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டுமல்லவா? ஆலங்காயம் பக்கத்துக் காடுகளிலிருந்து அதை வண்டி வண்டியாக இறக்கி ஷாப்புகளுக்குக் கொடுக்கிற கான்ட்ராக்டர். அவருடைய பட்பட்டியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தொட்டி வைத்திருக்கும், சைட்கார் என்பார்கள். அந்தத் தொட்டியில் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் அங்கவஸ்திரம்தான் உட்கார்ந்து வரும்.

என் முட்டை விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. அதனால் பெயிண்டை அவரே வேலூரிலிருந்து வாங்கி வந்தார். கோச்சு வண்டிக்கு அடிக்கிற கருப்பு வார்னிஷ். "அஞ்சு கோட்டு அடி. குனிஞ்சா என் மூஞ்சி தெரியணும்" என்றார். சிலிண்டரைச் சுற்றி மீன் செவுள் மாதிரி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். அந்த இடைவெளியில் காற்று புகுந்து போனால்தான் எஞ்சின் சூடு இறங்கும். முனிரத்தினம் மேஸ்திரி இதை எடுத்துச் சொன்னார். "செவுளை அடைச்சா மீன் சாகும் சார். காத்து போகணும்." வரதராஜன் ரோட்டைக் கையால் காட்டி, "காத்து அங்க ஜாஸ்தியாவே இருக்கு மேஸ்திரி, நீ கவலைப்படாதே" என்றார். நான் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கோட்டு அடித்தேன். தகடுகளுக்கு நடுவே அது அல்வா மாதிரி நிறைந்தது. முகம் தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சித்திரை வெயிலில், வாணியம்பாடி ரோட்டில் பாதி தூரத்தில், எஞ்சின் இறுகிப் போய் நின்றுவிட்டது. செய்தி வந்து நானும் மேஸ்திரியும் சைக்கிளில் போனோம். உள்ளே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. வரதராஜன் புளியமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வழியாக உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. அதன் பின்னால் பட்பட்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். வண்டிக்காரர் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சிலிண்டரைக் குனிந்து பார்த்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "என் வண்டியோட வர்றதெல்லாம் செத்ததுதான். இது எத்தினி மணிக்குப் போச்சு?"

ராஜம்மா அக்கா அடுப்பு

மறுநாள் காலை வஹாப் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆசீர், நீ நல்ல ஆளு. அதனாலதான் சொல்றேன். ரெண்டு வண்டி பேஜாராயிட்ச்சு. மூணாவது ஆச்சுன்னா நீ தோல் ஷாப்புக்கே போயிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். ஷாப்பில் என் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது. அதைவிட, கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் மேல் இப்போதுதான் தோல் நாற்றம் இல்லை என்று என் மனைவி ஆரோக்கியம் முதல் தடவையாகச் சொல்லியிருந்தாள். அதை இழக்க எனக்கு மனசில்லை.

வேலூருக்குப் போனேன். இரும்புக் கடைக்காரர் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்து, "இது சூட்டுக்கு நிக்கும், இதுவும் நிக்கும்" என்றார். எந்தச் சூட்டுக்கு என்று கேட்டேன். வெயில் சூட்டுக்கு என்றார். சரி, டப்பாவையும் கடைக்காரரையும் நம்பிப் பிரயோஜனமில்லை, நெருப்பையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நான்கு இரும்புத் தகடு எடுத்தேன். உளியால் ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று, நான்கு என்று அடையாளம் வைத்தேன். முதல் தகட்டில் கோச்சு வார்னிஷ். இரண்டாவதில் தார்க் கருப்பு. மூன்றாவதில், பென்சிலுக்குள்ளே இருக்கிற கருப்பு இருக்கிறதே, அந்தத் தூளைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்து டர்பன்டைன் விட்டு நீர்க்க அடித்தேன். நான்காவதில் புகைக்கரியும் அரக்கும். முட்டை சேர்க்கவில்லை.

பட்டறையில் உலை கிடையாது. எதிரே ராஜம்மா அக்காவின் இட்லிக் கடை இருந்தது. காலை வியாபாரம் முடிந்த பிறகு அடுப்புத் தணல் சும்மாதானே இருக்கிறது என்று கேட்டேன். "தோசைக்கல் மேல வெக்கக் கூடாது. தணல் பக்கத்துல வெச்சுக்கோ" என்றார். வைத்தேன். அக்காவுக்கு அடுப்பில் எதுவும் கிடந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் டீ குடிக்கிற நேரத்தில் நான்கையும் கரண்டியால் தள்ளிவிட்டு, திருப்பிப் போட்டு, ஒன்றை இந்தப் பக்கம் ஒன்றை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, கரண்டி முனையால் ஒவ்வொன்றையும் சுரண்டிப் பார்த்தார். எனக்குப் பார்க்கவே வேலை இல்லை. "ஒரு வெட்டு போட்டது பொங்கிட்ச்சு. ரெண்டு வெட்டு உருகிட்ச்சு. நாலு வெட்டு தீய்ஞ்சு போச்சு. மூணு வெட்டு போட்டதுதான் பதமா வந்திருக்கு தம்பி, இனிமே அதையே ஊத்து" என்றார்.

ஈரம்

ராஜம்மா அக்கா சொன்ன கருப்பு நின்றது. ஆனால் பெயிண்ட் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பது போகப் போகத் தெரிந்தது. முதலில் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். தகடுகளின் சந்தில் உப்புத்தாளை மூங்கில் குச்சியில் மடித்துத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகு விரல் படவே கூடாது. விரலில் உள்ள எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, காசு மாதிரி வட்டமாக உரிந்து வரும். மெல்லிசாக இரண்டு கோட்டு, நடுவே ஒரு நாள் பொறுமை. கடைசியில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, மறுபடி ஆறவிட்டு, இப்படி மூன்று தடவை. முதல் தடவை புகை வரும். வண்டிக்காரர் அலறுவார். அலறட்டும்.

சிரமம் என்னவென்றால், ஈரப் பெயிண்டைக் கண்ட மனிதர்களுக்கு விரல் சும்மா இருக்காது. தாடி வைத்தவர், தாலுக்கா ஆபீஸ்காரர், பால்காரர், எல்லாரும் ஒன்றுதான். வண்டிக்கு முன்னால் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் "ஈரம். தொடாதீர்கள்" என்று எழுதி வைத்தேன். அன்று மத்தியானமே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பலகை முன்னால் நின்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். படித்து முடித்த கையோடு ஆள்காட்டி விரலை நீட்டிச் சிலிண்டரில் ஒரு கோடு இழுத்தார். நான் ஓடிப் போய், "சார், இப்பதானே படிச்சீங்க!" என்றேன். வாத்தியார் கருப்பு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டினார்: "படிச்சேன். எழுதினது நெசந்தானான்னு பார்த்தேன். நெசந்தான்."

பட்டை பட்ட இடம்

வரதராஜனுக்குப் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தோம். ஆனால் நடுரோட்டில் மாட்டுவண்டிக்குப் பின்னால் வந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. பட்பட்டியைத் தன் பட்டைக் கொட்டகையில் ஓரங்கட்டிவிட்டு ஜட்காவில் போக ஆரம்பித்தார். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடந்தது. கூரை ஒழுகியிருக்கிறது. தை மாசம் திடீரென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே வரதராஜன். "விக்கப் போறேன். புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க" என்றார்.

சிலிண்டரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஐந்து கோட்டின் மிச்சம் ஆங்காங்கே தொங்கியது. மற்ற இடமெல்லாம் செங்கல் நிறத்தில் துரு. தகடுகளின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. உப்புத்தாள் அங்கே எட்டாது. இரண்டு நாள் தேய்த்தும் பாதிகூடப் போகவில்லை. மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் துரு இல்லை. அந்த இடம் நீலம் கலந்த கருப்பாக, கெட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினாலும் பொடி உதிரவில்லை. சந்தில் ஒரு துண்டு ஆவாரம்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்த பட்டை மாசக்கணக்கில் சிலிண்டர் மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. உடனே எனக்கு ஷாப்பில் தோல் வெட்டுகிற கத்திகள் ஞாபகம் வந்தன. பட்டையைப் போலவே தோல் பதனிடப் போடுகிற கடுக்காய்த் தண்ணீர் பட்ட கத்தியெல்லாம் இதே நிறத்தில்தான் கருத்துப் போயிருக்கும்.

பழைய ஷாப்புக்கு ஓடினேன். என்னோடு வேலை பார்த்த சின்னப்பன் அங்கே தொட்டியில் தோல் திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய கடுக்காய்த் தண்ணீர் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் அவனும் டின்னைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டான். உதிர்கிற துருவைத் தட்டி எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் அந்தத் தண்ணீரைச் சந்து சந்தாகத் தடவினேன். முனிரத்தினம் மேஸ்திரி, "இரும்புக்குக் கஷாயம் குடுக்கிறான் பாரு" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சிவப்பு கருக்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் சிலிண்டர் முழுக்க நாவல்பழம் மாதிரி ஒரே கருப்பு. மேஸ்திரி பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். சின்னப்பன்தான் நெடுமூச்சு விட்டான்: "அடப் போப்பா, தோலு மாசக்கணக்குல ஊறுது. இது ஒரே பகல்ல பதமாயிட்ச்சு. இத்தினி நாளா மாட்டை உரிச்சுக் கஷ்டப்பட்டதுக்கு நாம இரும்பையே உரிச்சிருக்கலாம்!"

விரிசல்

கருப்பு அடிப்பதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். சிலிண்டரின் அடியில், எஞ்சின் பெட்டியோடு சேர்கிற விளிம்புக்கு மேலே, தலைமுடி மாதிரி ஒரு கோடு. துடைத்தேன். போகவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மண்ணெண்ணெய் தடவி, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தார். சுண்ணாம்பில் அந்தக் கோடு ஈரமாகத் தெரிந்தது. "விரிசல்தான். அன்னிக்கு ரோட்டுல எஞ்சின் இறுகிச்சே, அந்த உதறல்ல விட்டிருக்கும்" என்றார். யாரால் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. காற்றை அடைத்து அஞ்சு கோட்டு அடித்தவன் நான்தானே.

வரதராஜனிடம் சொன்னோம். அவர் அசரவே இல்லை. "மேல கருப்பு வரும்ல? அப்புறம் இன்னா?" என்றார். மேடு ஏறும்போது விட்டுப்போகும் என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். "வாங்கறவன் மேட்டுல போவான்னு உனக்கு யார் சொன்னது?" என்றார். வஹாப் பாய் அன்று வேலூர் போயிருந்தார். வரதராஜன் ஊரில் பெரிய மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பட்டறைக்கு வருகிற பாதி வண்டி நின்றுவிடும். எனக்கு ஏற்கெனவே மூன்றாவது தவறுக்கு இடமில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையால் அதுவரை அவ்வளவு நேர்த்தியாக அடித்ததில்லை. விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். ஆரோக்கியம் கேட்டதற்குப் பெயிண்ட் நெடி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வந்தார். பெயர் ஞானப்பிரகாசம், ஆலங்காயத்தில் கம்பவுண்டர். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார். வரதராஜனும் வஹாப் பாயும் மேஸ்திரியும் நின்றுகொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. நேரே சைட்கார் தொட்டியில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தார். "படுக்க முடியாது. சாஞ்சு உட்காரலாம். போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதற்கு என்று வஹாப் பாய் கேட்டார். "எங்க பக்கம் மலைமேல ஊருங்க இருக்கு பாய். பிரசவத்துல சிக்கலாச்சுன்னா கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும். மாட்டுவண்டிதான். போன மாசம் ஒரு பொண்ணு…" என்று ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இறங்கி வந்து என் சிலிண்டரைத் தடவி, "நல்லா வெச்சிருக்கீங்க" என்று வரதராஜனிடம் சொன்னார்.

உளி எடுத்துக்கொண்டு வந்தேன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நானே அடித்த கருப்பை விளிம்போரம் சரசரவென்று சுரண்டினேன். "டேய், இன்னா பண்றே!" என்று வரதராஜன் கத்தினார். கோடு வெளியே வந்தது. கம்பவுண்டரைப் பார்த்து, "விரிசல் சார். மேட்டுல தாங்காது. நான்தான் மறைச்சு அடிச்சேன்" என்றேன். முனிரத்தினம் மேஸ்திரி முன்னால் வந்து, "எனக்கும் தெரியும் பாய். நானும் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். வஹாப் பாய் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். என் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, உளியைத் துடைத்துக் கீழே வைத்தேன். வரதராஜன், "அடிக்கத்தான்யா கூலி குடுத்தேன், சுரண்டறதுக்கு இல்ல!" என்று குதித்தார். வஹாப் பாய் நிமிர்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சரிதான் கான்ட்ராக்டரே. அடிக்கிறதுக்குத்தான் கூலி. சுரண்டறது எங்க பட்டறையில இனாம்."

மெட்ராஸ் சிலிண்டர்

வரதராஜன் கோபத்தில் வண்டியை விட்டுவிட்டே போய்விட்டார். நாலைந்து நாள் ஊரெல்லாம் எங்களைத் திட்டினார். ஆனால் விரிசல் விட்ட வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு யாரும் வாங்க வரவில்லை. செய்தி அவர் வாயாலேயே பரவிவிட்டது. கடைசியில் ஆள் அனுப்பினார். மெட்ராஸிலிருந்து புதுச் சிலிண்டர் வரவழைத்துப் போடச் சொன்னார்; போட்டு முடித்தால் கம்பவுண்டர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பார்சல் வந்ததும் நானே போய் எடுத்து வந்தேன். வைக்கோல் சுற்றிய மரப்பெட்டிக்குள்ளே சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு. மூன்று நாள் அதோடுதான் இருந்தேன். கழுவினேன், காயவைத்தேன், மெல்லிசாக இரண்டு கோட்டு அடித்தேன், மூன்று தடவை சூடேற்றி ஆறவிட்டேன். ஒருவரையும் கிட்ட நெருங்க விடவில்லை. வாத்தியார் தெருவில் போனபோதுகூட எழுந்து மறைத்துக்கொண்டு நின்றேன்.

வண்டியை வாங்கிக்கொண்டு போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கம்பவுண்டர் பட்டறைப் பக்கமே வரவில்லை. வராதது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாமல் எனக்குத்தான் அவஸ்தை. ஆலங்காயத்திலிருந்து பட்டை வண்டி வந்தால் ஓட்டி வந்தவரை நிறுத்தி விசாரிப்பேன். "மலை ரோட்டுல பட்பட்டி சத்தம் கேக்குது" என்பார்கள். அது போதும் என்றிருக்கும். பிறகு ஒரு நாள் பிரேக் கம்பி மாற்றக் கம்பவுண்டரே வந்தார். வண்டி முழுக்க மலைச் செம்மண். சைட்கார் தொட்டியில் ஒரு தலையணை, ஒரு போர்வை, ஓரத்தில் ஒரு குழந்தைக் குல்லாய் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன். "அதுவா? போன வாரம் வந்த பொண்ணோடது. ஆஸ்பத்திரில இறக்கும்போது வுட்டுட்டாங்க. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க, திரும்பும்போது குடுக்கணும்" என்றார். எத்தனை பேரை இறக்கியிருப்பீர்கள் என்று மேஸ்திரி கேட்டதற்கு, எண்ணுவதில்லை என்று சிரித்தார்.

நான் குனிந்து மண்ணைத் துடைத்துவிட்டுச் சிலிண்டரைப் பார்த்தேன். ஒரு செதில் எழும்பவில்லை. ஒரு புள்ளி துரு இல்லை. அடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே மங்கலான, அடக்கமான கருப்பு. எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் கழித்து ஒரு நல்ல வார்த்தை கேட்டால் தப்பில்லை என்று தோன்றியது. கொஞ்சம் இழுத்தாற்போல, "பெயிண்ட் எப்படி சார் இருக்குது?" என்றேன். கம்பவுண்டர் கண்ணாடியை மூக்கு மேல் ஏற்றிக்கொண்டு சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "எந்தப் பெயிண்ட்? மெட்ராஸ்லேர்ந்து வரும்போதே அது கருப்புத்தானே?"

ஆகையால் நண்பர்களே, நீங்கள் அடித்த பெயிண்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் இல்லையென்றால் நீங்கள் தேர்ந்த கைகாரர் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம், அதைக் கேட்கத்தான் ஆள் கிடைக்காது.